வெயில் பட்ட கை

லென்ஸ் எழுந்தான். படுக்கையை உதறி மடித்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை சட்டைக்கு இஸ்திரி போட்டான். முன்பக்கத்துக்கு மட்டும். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள். டீயில் சர்க்கரை போட மறந்தான். மறந்தது குடித்து முடித்தபிறகுதான் தெரிந்தது. மனைவி இறந்தபிறகு காலைகள் இப்படித்தான் வந்தன. கடிதத்தைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் தபால்காரனைப் போல, நின்று ஒரு வார்த்தை பேசாமல்.

மைத்துனன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். அக்கா போனபிறகும் அத்தானை விட்டுப் போகாதவன். துப்பறியப் போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொள்வான். யாராவது "நீங்க உதவியாளரா?" என்று கேட்டால், "உபத்திரவம்னே சொல்லுங்க, அவருக்கும் அதுதான் பிடிக்கும்" என்பான்.

"அத்தான், நேத்து பின்னிட்டீங்க! டீக்கடை வரைக்கும் உங்க பேச்சுதான். நான் போனதும் ஒருத்தர் எழுந்து இடம் குடுத்தாரு. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் இல்லங்கறது வேற விஷயம்."

லென்ஸ் சிரிக்கவில்லை.

நேற்றைய வழக்கு ஒரு மீன்கூடத்தில். அலங்கார மீன்கள் வளர்த்து விற்கிற இடம். அதை நடத்துகிற முதலாளிக்கு ஓர் அக்கா. தம்பி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். வேலையாட்கள் தொட்டியக்கா என்பார்கள். முதலாளி மீன்களை மொத்தமாக வெளியூர் வியாபாரிக்குத் தள்ளிவிட்டு வேறு தொழிலுக்குப் போக நினைத்தார். அக்கா, வேலையாட்கள் கேட்கும்படியாகவே, "இதுங்கள வண்டியில ஏத்தினா ஒண்ணுகூட உசுரோட போய்ச் சேராதுடா" என்று கத்தினாள். சில நாள் கழித்து ஒரு காலையில், ஜன்னலோரத் தொட்டியிலிருந்த மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. அப்போது கூடத்தில் இருந்தவள் அக்கா மட்டும்.

லென்ஸைக் கூப்பிட்டார்கள். மீதி இரண்டு தொட்டிகள் உள்ளறையில், தடித்த கறுப்புத் திரைக்குப் பின்னால், இருட்டில் இருந்தன. லென்ஸுக்கு எதையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியும் அதற்கு ஒரு ஜன்னலும் இல்லாமல் அவனுக்கு வேலை ஓடாது. பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். திரையைத் தூக்கச் சொன்னான். சக்கரம் வைத்த மேசையில் இருந்த ஒரு தொட்டியை ஜன்னலுக்குத் தள்ளச் சொன்னான்.

"வேணாம் சார், முட்டை போட்டிருக்கு. வெளிச்சம் ஆகாது" என்று அக்கா திரையை இழுத்துப் பிடித்தாள்.

எதையோ மறைக்கிறாள் என்று அப்போதே முடிவு கட்டினான் லென்ஸ். தொட்டி ஜன்னலுக்கு வந்தது. சற்று நேரத்தில் அக்கா அதற்குள் கையை விட்டு மீன்களுக்கிடையே அளைந்தாள். மதியத்துக்குள் அவையும் போய்ச் சேர்ந்தன. லென்ஸ் அவளுடைய ஈரமான மணிக்கட்டைப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினான்.

"உள்ள போனது இவங்க கை. வெளிய வந்தது செத்த மீன். இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்?"

ஒரு வேலையாள் கைகூடத் தட்டினான். முதலாளி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு நீ கிளம்பிடு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"என்னத்தான், ஜெயிச்ச மூஞ்சியா இது? பரீட்சையில கோட்டை விட்டவன் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றான் மைத்துனன்.

"அவங்க கை நடுங்கல" என்றான் லென்ஸ்.

"எந்தக் கை?"

"நான் பிடிச்ச கை. மாட்டிக்கிட்டவங்க கை நடுங்கும். எத்தனையோ கை பிடிச்சிருக்கேன். அவங்க கை சும்மா இருந்துச்சு. சில்லுன்னு."

"நெஞ்சழுத்தக்காரிங்க."

"நானும் நேத்து அப்படித்தான் நெனச்சேன்."

வாசலில் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

வேனில் இருந்தவர் முதலாளியின் மாமனார். மீன்கூடத்துக்குப் பின்னால் நாற்றுத் தோட்டம் வைத்திருப்பவர். நகக்கண் எல்லாம் மண். "மருமகன் உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு தம்பி. பாக்கி ஒரு தொட்டிதான் இருக்கு. வாங்கறவங்க இன்னிக்கு வர்றாங்க. நீங்க பக்கத்துல நிக்க, அதையும் ஜன்னலுக்குத் தள்ளி நல்ல வெளிச்சத்துல காட்டிட்டா ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்காது பாருங்க."

"அந்த அம்மா?"

"பெட்டியக் கட்டிட்டா. மதிய பஸ்ல சித்தி பொண்ணு ஊருக்குப் போறாளாம். ஒரு வாய் தண்ணி குடிக்கல." அவர் குரல் இறங்கியது. "நல்ல பொண்ணுன்னுதான் நெனச்சிருந்தோம்."

மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாமனார் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கையை உள்ளே இழுத்து, புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள்.

"என்ன மாமா, கொதிக்கிற எண்ணெயில கைய விட்டீங்களா?" என்றான் மைத்துனன்.

"அட போப்பா. வேர் நசுக்கினேன். அதுலேர்ந்துதான் இப்படி எரியுது."

"என்ன வேர்?"

"செண்டுமல்லி. தக்காளி நாத்து வேர்ல முடிச்சு முடிச்சா விழும். கண்ணுக்குத் தெரியாத புழு. அதுக்குன்னே வருஷா வருஷம் பாத்தியில முதல்ல செண்டுமல்லி போடுவேன். அது வேர்ல என்ன இருக்கோ, அந்தப் புழு அதோட வாலாட்ட முடியாது. பூ முடிஞ்சதும் வேரைப் பிடுங்கி எறியறதுதான் வழக்கம். இந்தத் தடவ, வீணாக்குவானேன்னு நசுக்கி ஸ்பிரிட்ல ஊறவெச்சுப் பிசைஞ்சேன்."

"ஒரு கையாலயா?"

"ஒரு கையால பிசைய நான் என்ன சர்க்கஸ்காரனா? ரெண்டு கையும்தான். முழங்கை வரைக்கும். பிசைஞ்ச கையோட வேனை எடுத்துட்டு நாத்து குடுக்கப் போயிட்டேன்."

மைத்துனன் எட்டிப் பார்த்தான். "அப்ப ஸ்டியரிங் பிடிச்சிருக்கற கை மட்டும் எப்படி புது மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு இருக்கு? கூடப் பொறந்த கை இந்தப் பாடு படுது. ஒரே வீட்டுப் பிள்ளைங்களுக்குள்ள இப்படி ஒரு ஓரவஞ்சனையா?"

மாமனார் சிரித்தார். லென்ஸ் ஸ்டியரிங் மேலிருந்த கையைப் பார்த்தான். அது கூரையின் நிழலில் இருந்தது. மறுபடி வெளியே போன கையைப் பார்த்தான். அதன்மேல் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு கைக்கும் ஒரே சாறு. வெந்தது வெயில் பட்ட கை மட்டும்.

லென்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, அந்தச் சாறை எங்க ஊத்தினீங்க?"

"பாத்தியிலதான்."

"வேற எங்கயும் இல்லையே?"

"வேற... அது ஒண்ணுமில்ல தம்பி. அது வேலைக்கே ஆகல."

"எது வேலைக்கு ஆகல?"

மாமனார் கொஞ்சம் நெளிந்தார். "மீன்கூடத்துத் தண்ணி பீப்பாய்ல கொசுப்புழு நெளிஞ்சுது. என் தோட்டத்துல வெட்டவெளியில ஒரு தொட்டி இருக்கு. அதுல இந்தச் சாறு ஒரு கரண்டி விட்டா மதியத்துக்குள்ள புழு அத்தனையும் அடங்கிடும். சரி, மருமகனுக்கும் ஒரு உபகாரமா இருக்கட்டும்னு பீப்பாய்ல ஒரு செம்பு ஊத்தினேன். மறுநாள் மூடியத் திறந்து பார்த்தா, அத்தனையும் டான்ஸ் ஆடுது! சொன்னா மருமகன் கேலி பண்ணுவாரு. கம்முனு மூடி வெச்சுட்டு வந்துட்டேன்."

"பீப்பாய் எங்க இருக்கு?"

"பின்னறையில. வெயில் பட்டா பாசி பிடிக்கும்னு அவ இருட்டுல வெச்சிருப்பா."

"தொட்டிக்கெல்லாம் எந்தத் தண்ணி மாத்துவாங்க?"

"அதே பீப்பாய்த் தண்ணிதான். ஏன் தம்பி?"

லென்ஸுக்கு ஒரு பெயர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஆல்ஃபா டெர்தியெனைல். செண்டுமல்லி வேரில் இருக்கும் நஞ்சு, தயோபீன் வகை. கல்லூரியில் உருப்போட்டது. பரீட்சையில் அதே கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதித் தள்ளி முழு மதிப்பெண் வாங்கினான். இருட்டில் அது தூங்கும். வெயில் பட்டால் விழித்து, பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்கு வெறி ஏற்றிவிடும். அந்த வெறி எதிரே கிடைப்பதைச் சுட்டுவிடும். அது கொசுப்புழுவாக இருக்கலாம், மனுஷன் தோலாக இருக்கலாம். மீனின் செவுளாகவும் இருக்கலாம்.

"அத்தான், மூஞ்சி வெளிறிப் போச்சு. வேனை நிறுத்தச் சொல்லவா?"

"நிறுத்தக் கூடாது. வேகமாப் போகச் சொல்லு. பாதி விஷம்தான் தண்ணியில இருந்துச்சு. மீதிப் பாதி ஜன்னல்ல இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தாத்தான் சாவு."

"என்ன தம்பி சொல்றீங்க?" மாமனாருக்கு நம்ப முடியவில்லை. "மண்ணுக்குள்ள ஏது வெயில்? அங்க புழு சாகுதே!"

"அங்க புழு வேருக்குள்ளயே வாய வைக்குது. அந்தச் சரக்க உசுப்பி விடறதுக்கு வேர்லயே வேற சரக்கு இருக்கும்னு படிச்சிருக்கேன். பீப்பாய்த் தண்ணியில அது ஏது? வெயில் வந்துதான் உசுப்பணும். உங்க தோட்டத் தொட்டி வெயில்ல இருக்கு, புழு செத்துது. பீப்பாய் இருட்டுல இருக்கு, புழு ஆடுது. மாமா, தயவுசெஞ்சு வேகமா ஓட்டுங்க. அவரு அந்தத் திரையத் தூக்கிடப் போறாரு."

லென்ஸ் கூப்பிடக் கூப்பிட முதலாளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மீன்கூடத்துத் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் கதவைத் திறந்து குதித்து ஓடினான். பின்னால் மைத்துனன், "ஓரம் போங்க, ஓரம்! தீ எங்கேயும் பிடிக்கல, ஆனா ஓரம் போங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

உள்ளறையில் முதலாளி திரைக் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார். திரையின் அடியில் வெளிச்சம் ஒரு கோடு போட்டிருந்தது.

"விடுங்க! கயிற விடுங்க!"

அவர் பயந்துபோய் விட்டார். திரை தொப்பென்று விழுந்தது.

லென்ஸ் வாயால் விளக்கவில்லை. நேற்றிலிருந்து அவனுக்குத் தன் வாயின்மேல் நம்பிக்கை போயிருந்தது. பீப்பாயிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் கொசுப்புழுவோடு தண்ணீர் மொண்டு வந்தான். ஒன்றை ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தான். இன்னொன்றைப் பெட்டியால் மூடினான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். வெயிலில் இருந்த புழுக்கள் முதலில் தறிகெட்டுத் துள்ளின. பிறகு மெதுவாயின. உச்சி வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படுத்தன. பெட்டியைத் தூக்கினான். அதனடியில் இருந்தவை ஆடிக்கொண்டிருந்தன.

மாமனார் கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். கொப்புளக் கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அக்கா ஒண்ணும் பண்ணல" என்றார் முதலாளி.

"ஒண்ணும் பண்ணல. சாறு கலந்தது தெரியாம, வழக்கம்போல தண்ணி மாத்தியிருக்காங்க. அவ்வளவுதான். மறுநாள் காலையில ஜன்னல் வழியா வெயில் வந்துச்சு. முதல் தொட்டி போச்சு."

"ரெண்டாவது தொட்டி?"

நேற்றுக் கை தட்டிய வேலையாள், கபடமில்லாமல், கணக்குக்கு விடை தெரிந்த பிள்ளையைப் போலச் சொன்னான்: "அத ஜன்னலுக்குத் தள்ளச் சொன்னது சார்தானே?"

மைத்துனன் வாயைத் திறந்தான். எப்போதும் எதையாவது சொல்லி அத்தானைக் காப்பாற்றுகிற வாய். ஒன்றும் வராமல் மூடிக்கொண்டது.

"நான்தான்" என்றான் லென்ஸ். "அவங்க வேணாம்னு சொன்னாங்க. அதையே அவங்களுக்கு எதிரா சாட்சியா வெச்சேன்."

அந்த ஜன்னலுக்கு எதிரே, அதே தரையில் நின்றுதான் நேற்று அந்த வசனத்தைப் பேசினான். உள்ள போனது இவங்க கை. வீட்டிலிருந்து வரும்போதே அப்படி ஒரு வரிக்காக மனதுக்குள் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். அதுதான் உண்மை. வரி முதலில் வந்தது, குற்றவாளி பிறகு கிடைத்தாள்.

"மீனுங்க மிரண்டா அக்கா கைய உள்ள விட்டுத்தான் அடக்குவா" என்றார் முதலாளி. "சின்ன வயசுல எனக்கு ஜுரம் வந்தா நெத்தியில கை வைப்பா, அந்த மாதிரி. இது எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சே நேத்து வாய மூடிட்டு நின்னேன். நீங்க அவ்வளவு அழகாப் பேசினீங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"வாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்" என்றான் லென்ஸ். "அவங்க பஸ் இன்னும் கிளம்பியிருக்காது."

முதலாளி அசையவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவ முன்னாடி நிப்பேன்? நீங்க போங்க சார். எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க."

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா நடுவில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. லென்ஸ் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சாறு, பீப்பாய், வெயில், மாமனாரின் கை. கடைசியில் தான் தள்ளச் சொன்ன தொட்டி. சொல்லச் சொல்ல, தன் குரல் நேற்றைப் போலவே கோர்வையாக வருவது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. நடுவில் திக்கியிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"மூணாவது தொட்டி?" என்றாள்.

"உசுரோட இருக்கு. இருட்டுலயே வேற தண்ணி மாத்தறாங்க."

"ஒரேடியா மாத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்."

"சொல்றேன்."

"தம்பி வந்திருக்கானா?"

"இல்லம்மா. வர்றதுக்கு அவருக்கு..." லென்ஸ் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ பெட்டியை மேலே ஏற்ற முடியாமல் திணறினார்கள்.

"நீங்க இறங்குங்கம்மா" என்றான் லென்ஸ். "அதே இடத்துல, எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள் அவள். "நேத்தும் நம்பினாங்க."

பஸ் போனபிறகு லென்ஸ் டீசல் புகையில் கொஞ்ச நேரம் நின்றான். மைத்துனன் எதிர்ப்புறத்திலிருந்து தெருவைக் கடந்து வந்தான்.

"என்னத்தான் சொன்னாங்க?"

"மன்னிச்சுட்டாங்க."

மைத்துனன் அவனை ஒரு தரம் பார்த்தான். இறந்துபோன தன் அக்காவின் கண்கள் அவனுக்கு. கேலி எதுவும் செய்யவில்லை.

மீன்கூடத்தில் முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். லென்ஸுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்தபிறகும், இன்னொரு தரம் தெருவை எட்டிப் பார்த்தார். "அக்கா என்ன சொன்னா சார்?"

"கோபமெல்லாம் இல்லையாம். கொஞ்ச நாள் மாறுதலா இருந்துட்டு வந்துடறேன்னு சொன்னாங்க. தண்ணிய ஒரேடியா மாத்த வேணாம்னாங்க."

கடைசியில் சொன்னது ஒன்றுதான் நிஜம். அதை வைத்து மற்றதையும் முதலாளி நம்பினார். துண்டால் கண்ணைத் துடைத்து, லென்ஸின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். லென்ஸ் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டான். இரண்டு நாளில் அதே கூடத்தில் அவன் சொன்ன இரண்டாவது பொய் இது. முதலாவதைத் தெரியாமல் சொன்னான் என்று ஒரு சாக்காவது இருந்தது.

கோபத்தைப் பற்றியோ, திரும்பி வருவதைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் அசைந்தபோதும் அவன் ஜன்னல் சட்டத்தை விடாமல் கூடவே நடந்தான். அப்போதுதான் அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கைய எடுங்க சார். ஜன்னல மூடணும்."